அத்தியாயம் 7: சுடுகம்பி முறை: வாவிக் காற்றிலும் மணலிலும் அளவெடுத்தல்

மெல்லிய உலோகக் கம்பி ஒன்றில் மின்னோட்டத்தைச் செலுத்தினால் அது சூடாகும். அந்தச் சூட்டைச் சுற்றியுள்ள பொருள் எடுத்துக்கொண்டு போகும். எவ்வளவு விரைவாக எடுத்துக்கொண்டு போகிறது என்பதை அளந்தால் சுற்றியுள்ள பொருளைப் பற்றி ஏதோ ஒன்று தெரியவரும். காற்று வீசும் இடத்தில் வைத்தால் காற்றின் வேகம் தெரியும். அசையாத மணலில் புதைத்தால் மணலின் வெப்பக் கடத்தாறு தெரியும். சுடுகம்பி முறை என்பது இவ்வளவுதான்.

இந்த அத்தியாயம் முழுவதற்கும் ஒரு விதி உண்டு. கம்பி வேகத்தையும் அளப்பதில்லை, கடத்தாற்றையும் அளப்பதில்லை. அது அளப்பது தன் வெப்ப இழப்பை மட்டுமே. அந்த வெப்பம் எந்த வழியாகப் போனது என்று கம்பிக்குத் தெரியாது. நீங்கள் அளக்க விரும்பும் ஒரு வழியைத் திறந்துவைத்து மற்ற வழிகளை அடைப்பதுதான் உங்கள் வேலை. கீழே வரும் செய்முறைகள் அனைத்தும் இந்த விதியிலிருந்து பிறந்தவை.

உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படிப்போர், வந்தாறுமூலை வளாகத்தில் செயற்றிட்டம் செய்வோர், பாடசாலை ஆய்வுகூடப் பொறுப்பாசிரியர்கள் ஆகியோரை மனதில் வைத்து இது எழுதப்பட்டுள்ளது. களம் மட்டக்களப்பு வாவியும் அதன் இரு கரைகளும்.

1. எந்த வேலைக்கு எது

• காற்றின் வேகம், கொந்தளிப்பு: திறந்த மெல்லிய கம்பி. வெப்பநிலை மாறாமல் வைத்து, அதற்குத் தேவைப்படும் மின்னை அளக்க வேண்டும்.

• மணல், களிமண், உமி, நெல், மரத்தூள் போன்றவற்றின் வெப்பக் கடத்தாறு: ஊசிக்குள் அடைத்த கம்பி. மாறாத மின்னோட்டம் கொடுத்து, வெப்பநிலை ஏறும் விதத்தை அளக்க வேண்டும்.

• செங்கல், சூளைக்கல் போன்ற திண்மங்கள்: இரண்டு துண்டுகளுக்கு இடையே தவாளிப்பு வெட்டிக் கிடத்திய கம்பி. சூளைக்கற்களுக்கான சர்வதேச நியமம் ஐ.எஸ்.ஓ. 8894 இந்த முறையைத்தான் விவரிக்கிறது.

• மரத்தின் சாறோட்டம்: தண்டில் செருகிய சூட்டு ஊசி.

• வாவி நீரின் ஓட்டம்: திறந்த கம்பி ஆகாது. காரணம் பிரிவு 7இல்.

2. காற்றில் கம்பி வேலை செய்யும் விதம்

கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எல். வி. கிங் 1914ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இந்தத் துறைக்கு அத்திவாரம் இட்டது. கம்பி இழக்கும் வெப்பத்தில் ஒரு பகுதி காற்று அசையாவிட்டாலும் போகும் மாறாத பகுதி. மற்றது காற்று வேகத்தின் வர்க்கமூலத்துக்கு ஏறத்தாழ விகிதசமமானது என்று அவர் காட்டினார். இன்று நடைமுறையில் வர்க்கமூலத்துக்குப் பதிலாக 0.45ஐ அண்மித்த அடுக்கொன்றை அளவுதிருத்தத்தின்போது பொருத்திக்கொள்வார்கள்.

ஆய்வுகூடங்களில் பயன்படும் வழமையான கம்பி 5 மைக்ரோமீற்றர் விட்டமும் ஒன்றேகால் மில்லிமீற்றர் அளவு நீளமும் உள்ள தங்குதன். இவ்வளவு மெல்லியதாக இருப்பதால் அதன் வெப்பக் கொள்ளளவு மிகச் சிறியது. நல்ல மின்சுற்றோடு சேரும்போது செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை மாறும் வேகத்தையும் அது பின்தொடரும். கொந்தளிப்புப் பாய்ச்சலை ஆராய்ந்தவர்கள் இதைக் கைவிடாததற்கு இதுவே காரணம்.

நம் பக்கத்து நாட்டிலேயே பேர்பெற்ற உதாரணம் ஒன்று உண்டு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த நரஹரி ராவ், ரொத்தம் நரசிம்மா, பத்ரி நாராயணன் ஆகிய மூவரும் 1971இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சுவரை ஒட்டி ஓடும் கொந்தளிப்புப் பாய்ச்சலில் இடையிடையே எழும் வெடிப்புகளைச் சுடுகம்பியின் சமிக்ஞையில் இனங்கண்டு, அவற்றின் இடைவெளியைக் கணித்தார்கள். வெடிப்பு சுவரருகே நடந்தாலும் அதன் கால இடைவெளியைத் தீர்மானிப்பது சுவரருகே உள்ள அளவுகள் அல்ல, எல்லைப் படையின் முழுத் தடிப்பும் வெளி வேகமும்தான் என்பது அவர்கள் முடிவு. கிண்ணக் காற்றுமானியால் இப்படி ஒரு கேள்வியைக் கேட்கக்கூட முடியாது.

மெல்லிய காற்றிலும் கம்பிக்கு மேன்மை உண்டு. பிட்டோ குழாயோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 30 பாகை செல்சியஸில் காற்றின் அடர்த்தி கன மீற்றருக்கு ஏறத்தாழ 1.16 கிலோகிராம். செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில் பிட்டோ குழாய் காட்டும் அமுக்கம் 58 பஸ்கால். நீர் நிரலில் இது ஏறத்தாழ 6 மில்லிமீற்றர். வேகம் 1 மீற்றராகக் குறைந்தால் அமுக்கம் நூறில் ஒன்றாகி நீர் நிரல் 0.06 மில்லிமீற்றர் ஆகிவிடும். அதைக் கண்ணால் வாசிக்க முடியாது. கிண்ணக் காற்றுமானியும் அந்த வேகத்தில் சுழலத் தயங்கும். சுடுகம்பிக்கோ வேகம் குறையக் குறைய உணர்திறன் கூடுகிறது. எல்லை செக்கனுக்கு 0.2 மீற்றர் அளவில் வருகிறது. அதற்குக் கீழே கம்பியின் சூட்டால் தானாக எழும் காற்று, அதாவது இயற்கை மேற்காவுகை, அளவைக் குழப்பும்.

3. கையால் செய்யும் காற்றுணரி

விலைகொடுத்து வாங்கும் உணரி ஒன்று முறிந்தால் மாணவர் செயற்றிட்டம் அத்தோடு நின்றுவிடும். சராசரி வேகத்தை மட்டும் அளப்பதானால் பழைய டோர்ச் மின்குமிழின் இழையே போதும். 6 வோல்ற்று, 0.1 அம்பியர் வகையைத் தேடுங்கள். குளிர்ந்த நிலையில் அதன் தடை சில ஓம்கள் இருக்கும். தடை அதற்கும் குறைந்த குமிழ்களில் இணைப்பு வயரின் தடையே கணக்கைக் கெடுத்துவிடும்.

அ. குமிழைத் தடித்த துணியில் சுற்றி, கண்ணாடி அணிந்து, குறட்டால் மெதுவாக அழுத்தி உடையுங்கள். இழையைத் தொடாதீர்கள். விரலின் எண்ணெய் பட்டாலே அதன் வெப்ப இழப்பு மாறும்.

ஆ. குமிழின் அடியைக் கட்டையான, தடித்த செப்பு வயர்களுடன் ஈயம் வைத்து ஒட்டி, நீண்ட மெல்லிய குழாய் ஒன்றின் நுனியில் பொருத்துங்கள். உங்கள் கையும் உடம்பும் காற்றை மறிக்காத தூரம் வேண்டும்.

இ. அறை வெப்பநிலையையும் இழையின் தடையையும் ஒரே நேரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். தடை பார்க்கும்போது மில்லியம்பியர் அளவு மின்னோட்டமே செல்ல வேண்டும். கூடினால் இழை சூடாகித் தவறான தடையைக் காட்டும்.

ஈ. வீட்ஸ்டன் பாலத்தின் ஒரு புயத்தில் இழையை வையுங்கள். எதிர்ப்புறத் தடையை, இழையின் தடை குளிர்நிலைத் தடையின் 1.3 மடங்காகும்போது பாலம் சமநிலை அடையுமாறு அமையுங்கள். தங்குதனுக்கு இது ஏறத்தாழ 70 பாகை சூடேற்றம். அறை 30 பாகை என்றால் இழை 100 பாகையில் நிற்கும்.

உ. பாலத்தின் சமநிலைக் குழப்பத்தைச் செயற்பாட்டு விரியலாக்கி ஒன்றுக்குக் கொடுத்து, அதன் வெளியீட்டால் ஒரு திரான்சிஸ்டரை இயக்கி, அந்தத் திரான்சிஸ்டர் பாலத்துக்கு மின் கொடுக்கட்டும். காற்று வீசி இழை குளிர முற்பட்டதும் சுற்று கூடுதல் மின் கொடுத்து வெப்பநிலையைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். பாலத்தின் மேல் உள்ள வோல்ற்றளவுதான் உங்கள் வாசிப்பு.

ஊ. மின்னைத் தொடுக்குமுன் ஒவ்வோர் இணைப்பையும் அசைத்துப் பாருங்கள். எதிர்ப்புறத் தடையின் இணைப்பு தளர்ந்திருந்தால் சுற்று இழையை எரித்துவிடும். தங்குதன் திறந்த காற்றில் செந்தணலாவதற்குள்ளேயே ஒட்சியேறிக் கெடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சுற்றுக் கட்டத் தயக்கம் உள்ளவர்கள் வாகனம் திருத்தும் கராஜ் ஒன்றில் கேட்டுப்பார்க்கலாம். மின்னணு எரிபொருள் விசிறல் உள்ள பல கார்களில், உள்ளே போகும் காற்றை அளப்பது சூடான கம்பி அல்லது சூடான படலம் கொண்ட உணரிதான். கழற்றிப்போட்ட உணரியில் சுற்றும் கூடவே இருக்கும். பொஷ் நிறுவனத்தின் பழைய வகைகளில் இயந்திரத்தை நிறுத்திய பின் கம்பியை ஒரு கணம் செந்தணலாக்கி, படிந்த அழுக்கை எரித்துவிடும் ஏற்பாடும் இருந்தது. அந்தக் கம்பி தங்குதன் அல்ல, பிளாற்றினம். ஆகையால் அது தாங்கியது. நீங்கள் தங்குதன் இழையில் இதைச் செய்து பார்க்கக் கூடாது.

4. அளவுதிருத்தம்

கிங்கின் சமன்பாட்டில் உள்ள மாறிலிகளைப் புத்தகத்திலிருந்து எடுக்க முடியாது. ஒவ்வோர் உணரிக்கும் அவை வேறு. உணரியைக் கழுவினாலும் மாறும். ஆகவே வேலை தொடங்குமுன் ஒருமுறை, முடிந்த பின் ஒருமுறை அளவுதிருத்தம் செய்வது கட்டாயம். இரண்டு வளைவுகளும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாவிட்டால் இடையில் எடுத்த அளவுகளை ஏற்காதீர்கள்.

வேகமான பகுதிக்கு, செக்கனுக்கு 4 மீற்றருக்கு மேல், பிட்டோ குழாயும் சாய்ந்த நீர்மானியும் போதும். மேசை விசிறியின் முன் தேன்கூடு போல அடுக்கிய உறிஞ்சு குழாய்களை வைத்துச் சுழற்சியை நீக்கிவிட்டு, இரண்டையும் அருகருகே பிடித்து ஒப்பிடுங்கள்.

மெதுவான பகுதிக்கு உணரியை அசைப்பதே வழி. கதவு, யன்னல்களைச் சாத்திய பாடசாலை மண்டபத்தில் சக்கரப் பலகை ஒன்றில் உணரியை முன்னால் நீட்டிக் கட்டுங்கள். 20 மீற்றர் தூரத்தை 20 செக்கனில் கடந்தால் வேகம் செக்கனுக்கு 1 மீற்றர். 10 செக்கனில் கடந்தால் 2 மீற்றர். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் இடையே காற்று அடங்கக் காத்திருங்கள்.

பிறகு கிடை அச்சில் வேகத்தின் 0.45ஆம் அடுக்கையும் நிலை அச்சில் வோல்ற்றளவின் வர்க்கத்தையும் குறியுங்கள். புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் விழ வேண்டும். கீழ்முனையில் மட்டும் கோடு வளைந்தால் அது இயற்கை மேற்காவுகை. மேல்முனையில் வளைந்தால் சுற்று போதிய மின் கொடுக்கவில்லை. கோடு முழுவதும் சிதறினால் இணைப்பைப் பாருங்கள்.

5. கச்சானும் உப்பும்

வாவிப் பகுதியில் சுடுகம்பிக்கு இரண்டு எதிரிகள். ஒன்று கச்சான். தென்மேல் பருவக்காற்று மத்திய மலைநாட்டில் ஏறி, மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாகக் கிழக்கே இறங்குகிறது. இறங்கும் வறண்ட காற்று ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஏறத்தாழ 10 பாகை சூடாகும். ஆனி, ஆடி மாதங்களில் மட்டக்களப்பில் இது கடற்காற்றையே மறித்து நிறுத்தும் அளவுக்குப் பலமாக வீசும். வானிலையியல் அகராதிகளிலேயே கச்சான் மட்டக்களப்பின் பேரோடு இடம்பெற்றிருக்கிறது.

இது உணரியை என்ன செய்யும்? காலையில் 27 பாகையில் அளவுதிருத்தம் செய்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இழை 100 பாகை. வித்தியாசம் 73 பாகை. நண்பகலில் கச்சான் எழுந்து காற்று 35 பாகையானால் வித்தியாசம் 65 பாகை. காற்றின் வேகம் சிறிதும் மாறாமலே வெப்ப இழப்பு 11 வீதம் குறைந்துவிட்டது. வேகம் வெப்ப இழப்பின் ஏறத்தாழ வர்க்கத்தோடு போவதால், உணரி உண்மை வேகத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் தாழ்த்திச் சொல்லும். கச்சான் பலமாக வீசும் நேரத்திலேயே "காற்று தணிந்தது" என்று உங்கள் ஏடு எழுதும்.

பரிகாரம் எளிது. உணரிக்குப் பக்கத்தில் நிழலில் ஒரு வெப்பமானி வையுங்கள். ஒவ்வொரு வாசிப்போடும் காற்றின் வெப்பநிலையையும் குறியுங்கள். வோல்ற்றளவின் வர்க்கத்தை 73ஆல் பெருக்கி, அந்த நேரத்து வித்தியாசத்தால் பிரியுங்கள். பிறகு அளவுதிருத்தக் கோட்டில் வேகத்தைப் பாருங்கள்.

மற்ற எதிரி உப்பு. கல்லடிக் கடற்கரையில் அலை உடைந்து எழும் நுண்துளி இழையில் பட்டு உலர்ந்தால் உப்பு ஒட்டிக்கொள்ளும். இழை தடித்து, வெப்பம் போகும் விதம் மாறும். வாசிப்பு மெல்ல மெல்ல ஒரே பக்கமாக நகர்ந்தால் அதுதான் அடையாளம். மின்னை நிறுத்தி, இழையைக் காய்ச்சி வடித்த நீரில் தோய்த்து, பின் ஐசோபுரோப்பைல் அற்ககோலில் தோய்த்து, தானாக உலர விடுங்கள். ஊதவோ துடைக்கவோ வேண்டாம். மழைத்துளி விழும் நேரத்தில் அளவெடுப்பதை நிறுத்திவிடுங்கள்.

இன்னொரு குறை எந்தக் காலநிலையிலும் உண்டு. காற்று முன்னாலிருந்து வந்தாலும் பின்னாலிருந்து வந்தாலும் ஒற்றைக் கம்பி ஒரே வாசிப்பையே காட்டும். கச்சான் படுவான்கரைப் பக்கமிருந்து வரும். கடற்காற்று எழுவான்கரைப் பக்கமிருந்து வரும். ஒன்று ஓய்ந்து மற்றது தொடங்குவதைக் கம்பி சொல்லாது. உணரிக்கு மேலே ஒரு நூல் கட்டி, அதன் திசையையும் ஏட்டில் எழுதுங்கள்.

செயற்றிட்டத்துக்கு ஒரு யோசனை: ஒரு குழு கல்லடியிலும் மற்றது வாவிக்கு அப்பால் வவுணதீவிலும், நிலத்திலிருந்து ஒரே உயரத்தில், காலை 9 மணி முதல் மாலை 3 மணி வரை ஒரே நேரத்தில் அளக்கட்டும். கடற்காற்று வாவியைத் தாண்டுகிறதா, எத்தனை மணிக்குத் தாண்டுகிறது, கச்சான் நாளில் என்ன ஆகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைக்கும்.

6. மணலிலும் உமியிலும் ஊசி

இங்கே நிலைமை தலைகீழ். காற்றில் ஓட்டம்தான் வேண்டும். பொருளில் ஓட்டமே கூடாது. வெப்பம் கடத்தலால் மட்டும் போக வேண்டும். ஸ்டோல்ஹானே, பிக் என்ற சுவீடன் நாட்டவர் இருவர் 1931இல் இம்முறையைச் செயற்படுத்திக் காட்டினார்கள். மண்ணுக்கு ஊசி முறையை விவரிக்கும் நியமம் ஏ.எஸ்.டி.எம். டி5334.

கொள்கை இது: நீண்ட மெல்லிய ஊசிக்கு மாறாத வலுவைக் கொடுத்தால் அதன் வெப்பநிலை நேரத்தின் இயற்கை மடக்கையோடு நேர்கோட்டில் ஏறும். ஒரு மீற்றர் நீளத்துக்குக் கொடுக்கும் உவாற்று அளவை 4 பையாலும் அந்தக் கோட்டின் படித்திறனாலும் பிரித்தால் வெப்பக் கடத்தாறு கிடைக்கும். உயர்தரத்தில் படித்த சேளின் முறையைப் போல உறுதிநிலை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இரண்டு நிமிடத்தில் வேலை முடியும்.

ஊசியைச் செய்ய 10 சென்றிமீற்றர் நீளமும் ஒன்றரை மில்லிமீற்றருக்கு மேற்படாத விட்டமும் உள்ள உருக்குக் குழாய் எடுங்கள். உள்ளே இரட்டையாக மடித்த மெல்லிய நிக்குரோம் கம்பி, நடுவில் ஒரு சின்னத் தெர்மிஸ்டர், மீதி இடத்துக்கு எப்பொக்சிப் பசை. கம்பியின் மொத்தத் தடை 10 ஓம் என்றும் மின்னோட்டம் 0.15 அம்பியர் என்றும் கொள்வோம். வலு 0.225 உவாற்று, ஒரு மீற்றருக்கு 2.25 உவாற்று.

முதலில் ஊசியைச் சோதிக்க விடை தெரிந்த பொருள் ஒன்று வேண்டும். நீரின் கடத்தாறு, ஒரு மீற்றருக்கு ஒரு கெல்வினுக்கு உவாற்று என்ற அலகில், 0.6 என்பது நன்றாகத் தெரிந்தது. ஆனால் நீரில் ஊசி சூடானதும் நீரோட்டம் எழும். ஆகவே காத்தான்குடிக் கடைகளில் கிடைக்கும் கடற்பாசியை வாங்கி, ஒரு லீற்றர் நீருக்கு 5 கிராம் அளவில், சீனி சேர்க்காமல் காய்ச்சி உறைய விடுங்கள். உறைந்த பின் அது கடத்தாற்றில் நீரேதான். ஓட்டம் மட்டும் இல்லை. ஊசியைச் செருகிக் கால் மணி நேரம் விட்டு, பின் மின் கொடுங்கள். 10ஆவது செக்கனுக்கும் 100ஆவது செக்கனுக்கும் இடையே வெப்பநிலை ஏறத்தாழ 0.69 பாகை ஏற வேண்டும். ஏறாவிட்டால் உங்கள் ஊசியின் திருத்தக் காரணியை இங்கேயே கணித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கடற்கரை மணல். உலர்ந்த மணலின் கடத்தாறு 0.25ஐ அண்மித்தது. அதே 10 முதல் 100 செக்கன் இடைவெளியில் ஏற்றம் 1.65 பாகை. அதே மணலை நீரால் நிறையுங்கள். கடத்தாறு 2ஐ அண்மிக்கும், ஏற்றம் 0.21 பாகையாகச் சுருங்கும். மணல் அதுவேதான், இடைவெளிகளில் காற்று இருந்த இடத்தில் நீர் வந்தது. அந்த ஒரு மாற்றம் கடத்தாற்றை எட்டு மடங்காக்குகிறது. நிலக்கீழ் மின்வடம் பதிப்போர் மண்ணின் ஈரத்தை இவ்வளவு கவனிப்பது இதனால்தான். உலர்ந்த மணலில் வடத்தின் சூடு வெளியேற வழியில்லை.

0.21 பாகையை நம்பகமாக வாசிப்பது கடினம். ஈர மணலுக்கு மின்னோட்டத்தை 0.3 அம்பியராக இரட்டியுங்கள். வலு நான்கு மடங்காகி ஏற்றம் 0.82 பாகை வரும். ஆனால் பாதி ஈரமான மண்ணில் இப்படிக் கூட்ட வேண்டாம். சூடு கூடினால் ஈரம் ஊசியை விட்டு விலகி ஓடி, நீங்கள் அளப்பது வேறு மண்ணாகிவிடும். பாத்திரத்தின் சுவர் ஊசியிலிருந்து எந்தப் பக்கமும் 5 சென்றிமீற்றருக்குக் குறையாமல் இருக்கட்டும். ஊசியைச் செருகும்போது ஆட்டினால் பக்கத்தில் காற்று இடைவெளி விழும். அது வரைபின் தொடக்கத்தில் தெரியும். முதல் 10 செக்கனைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது அதற்காகத்தான்.

இந்த ஊசியால் நம் ஊருக்கு உடனே பயன்படும் வேலை மீன் பெட்டி. சுவர்ப் பரப்பு 1 சதுர மீற்றர், தடிப்பு 3 சென்றிமீற்றர் உள்ள ரெஜிஃபோம் பெட்டியைக் கொள்வோம். கடத்தாறு 0.04, உள்ளும் வெளியும் 30 பாகை வித்தியாசம் என்றால் உள்ளே புகும் வெப்பம் 40 உவாற்று. ஒரு நாளில் அது ஏறத்தாழ 10 கிலோ ஐஸைக் கரைக்கும். சுவர் நீர் குடித்துக் கடத்தாறு இரட்டித்தால் 20 கிலோ கரையும். ரெஜிஃபோம், உமி, மரத்தூள், தும்பு ஆகியவற்றை உலர்ந்த நிலையிலும் நனைந்த நிலையிலும் ஊசியால் அளந்து ஓர் அட்டவணை போடுங்கள். பெட்டி செய்பவருக்கும் மீன் கூறுபவருக்கும் அந்த அட்டவணை பணம். உமியும் மரத்தூளும் அழுத்தினால் கடத்தாறு மாறும். ஆகவே பாத்திரத்தின் கொள்ளளவையும் நிறையையும் சேர்த்தே எழுதுங்கள்.

7. திரவம், வாவி நீர், கண்டல் மரம்

திரவத்தின் கடத்தாற்றைச் சுடுகம்பியால் அளக்கலாம். ஆனால் கம்பி நிலைக்குத்தாக இருக்க வேண்டும். அளவெடுப்பு ஓட்டம் எழுமுன் ஒருசில செக்கனுக்குள் முடிய வேண்டும். தமிழ்நாட்டில் இந்த அளவீட்டைச் சுற்றிப் பெரிய ஆராய்ச்சியே நடந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் சரித் குமார் தாஸ், பிரதீப் ஆகியோரின் குழு, மிகக் குறைந்த அளவு பொன் நுண்துகள்கள் கலந்த திரவங்களின் கடத்தாறு எதிர்பார்த்ததைவிடக் கூடுவதாக 2003இல் அறிவித்தது. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் ஜோன் பிலிப், ஷீமா, பல்தேவ் ராஜ் ஆகியோர் 2007இல் காந்த இரும்பு ஒட்சைட்டுத் துகள்கள் கலந்த திரவத்தை அளந்தார்கள். காந்தப் புலத்தில் துகள்கள் சங்கிலி போல் அணிவகுக்கும்போது, 6.3 வீதக் கனவளவுத் துகளோடு, கடத்தாறு அடிப்படைத் திரவத்தின் நான்கு மடங்கு வரை போனதாக எழுதினார்கள்.

உலகின் பல ஆய்வுகூடங்கள் ஒன்றுக்கொன்று முரணான எண்களைச் சொன்னதால், ஒரே மாதிரித் திரவங்களை முப்பதுக்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு அனுப்பி ஒப்பிடும் முயற்சி நடந்தது. அதன் முடிவு 2009இல் வந்தது. சோதித்த திரவங்களில் அதிசயமான உயர்வு இல்லை. பழைய கோட்பாடு சொன்ன அளவுதான் உயர்வு. அணிவகுத்த சங்கிலிகள் வேறு விடயம். அவற்றில் வெப்பத்துக்குத் தனிப்பாதை கிடைக்கிறது. நமக்குப் பாடம் இதுதான்: ஒரே சாடி மணலை இரண்டு பாடசாலைகள் தனித்தனியாக அளந்து ஒப்பிடாத வரைக்கும், உங்கள் எண்ணை நம்ப வேண்டாம்.

வாவி நீரின் ஓட்டத்துக்கு வருவோம். பங்குடாவெளியிலிருந்து கல்முனை வரை நீளும் வாவியில், பாலமீன்மடு முகத்துவாரம் திறந்திருக்கும் காலத்தில் கடல்நீர் கலக்கும். உப்புநீர் மின்னைக் கடத்தும். திறந்த கம்பியை வைத்தால் மின் நீருக்குள் கசியும், மின்பகுப்பில் குமிழிகள் எழும், கம்பி அரிக்கும். குவாட்ஸ் பூசிய படல உணரிகள் இருக்கின்றன. அவற்றிலும் பாசி படியும், நீரில் கரைந்த காற்று குமிழியாக ஒட்டும். மாணவர் வேலைக்கு மிதக்கும் தேங்காயும் நேரமானியும் அவற்றைவிட நம்பகமானவை.

கண்டல் மரத்தின் தண்டுக்குள் சாறோட்டத்தை அளப்பது மட்டும் இந்த முறைக்கு நன்றாகப் பொருந்தும். பிரான்சின் கிரானியே 1985இல் வகுத்த முறையில் 2 சென்றிமீற்றர் நீளமான இரண்டு ஊசிகள் தண்டில் மேலும் கீழுமாகச் செருகப்படும். மேலுள்ளது சூடாக்கப்படும். சாறு ஓடினால் அது குளிரும். இரவில் ஓட்டம் நின்றபோது உள்ள அதிகூடிய வெப்பநிலை வித்தியாசம்தான் பூச்சியப் புள்ளி. பகல் வித்தியாசம் அதிலிருந்து எவ்வளவு குறைந்தது என்பதைப் பகல் வித்தியாசத்தாலேயே பிரித்து, 1.231ஆம் அடுக்குக்கு உயர்த்தி, 119ஆல் பெருக்கினால் சதுர மீற்றருக்கு ஒரு செக்கனில் ஏறும் சாறு கிராமில் வரும். மரத்துக்கு மரம் இந்த எண்கள் மாறக்கூடும். கண்டலில் துளையிடுமுன் வன பரிபாலனத் திணைக்களத்தின் அனுமதியைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

8. வாசிப்பு கெட்டால்

• வாசிப்பு மெதுவாக ஒரே பக்கம் நகர்கிறது: இழையில் உப்பு அல்லது தூசி, அல்லது காற்றின் வெப்பநிலை மாற்றம். வெப்பமானியை முதலில் பாருங்கள்.

• திடீரென்று துள்ளிக் கீழே விழுகிறது: மழைத்துளி, பூச்சி, தளர்ந்த இணைப்பு.

• ஊசியின் வரைபு கடைசியில் மேலே வளைகிறது: வெப்பம் பாத்திரச் சுவரை எட்டிவிட்டது. சுவர் வெப்பத்தை விடாத பொருளாக இருக்கலாம். பெரிய பாத்திரம் எடுங்கள்.

• கடைசியில் கீழே வளைகிறது: ஓட்டம் எழுந்துவிட்டது, அல்லது ஊசியின் முனைகள் வழியாக வெப்பம் போகிறது. நேரத்தைச் சுருக்குங்கள், நீண்ட ஊசி செய்யுங்கள்.

• இரண்டாம் தடவை வேறு விடை: முதல் தடவையின் சூடு இன்னும் ஆறவில்லை, அல்லது ஈரம் நகர்ந்துவிட்டது.

ஏட்டில் இருக்க வேண்டியவை: திகதி, நேரம், இடம், உயரம், காற்றின் வெப்பநிலை, நூலின் திசை, உணரியின் குளிர்நிலைத் தடை, முன்னும் பின்னும் செய்த அளவுதிருத்தம். பொருளானால் அதன் நிறை, கொள்ளளவு, ஈரம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அந்த நாளின் எண்கள் மற்றவருக்குப் பயன்படாது.

இழை முறியும், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம், இன்னொரு மின்குமிழை எடுங்கள். அளவுதிருத்தத்தில் மட்டும் சோம்பல் வேண்டாம். அளவுதிருத்தம் செய்த டோர்ச் இழை, அளவுதிருத்தம் செய்யாத விலையுயர்ந்த உணரியைவிட எப்போதும் சரியாகச் சொல்லும்.